ஆன்டிகிராவிட்டி நிஜமா? தங்கச்சி பையன் எக்ஸ்போவுக்கு இதைத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான்

சாட்ஸ்வர்த் பெரியம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே இயற்பியல் தெரிந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். என் தங்கச்சி பையன் கிரேட் 10 படிக்கிறான். பள்ளி அறிவியல் எக்ஸ்போவுக்கு இந்த வருடம் "ஆன்டிகிராவிட்டி" என்று ஒரு புராஜெக்ட் செய்யப் போகிறானாம். யூடியூபில் பார்த்திருக்கிறான். பால்சா குச்சிகளை வைத்து ஒரு முக்கோணம், அதன் பக்கங்களில் அலுமினியத் தாள், தாளுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு மிக மெல்லிய ஒரு கம்பி, அவ்வளவுதான். கரன்ட் கொடுத்ததும் உஸ்ஸென்று ஒரு சத்தத்தோடு அது மேசையை விட்டுக் கிளம்பி, கட்டியிருக்கும் நூல் விடும் உயரம் வரைக்கும் போய் அப்படியே நிற்கிறது. மோட்டார் இல்லை, இறக்கை இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அவன் போனில் காட்டியபோது எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அதே வீடியோவில் போட்கிளெட்னோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி பற்றியும் சொல்கிறார்கள். பின்லாந்தில் வேலை பார்த்தவராம், ஈர்ப்பு விசையைத் தடுக்கும் தட்டு ஒன்றைக் கண்டுபிடித்தாராம், உடனே பல்கலைக்கழகம் அவரைத் துரத்திவிட்டதாம், நாசா அதை எடுத்துக்கொண்டு போய் மூடி மறைத்துவிட்டதாம். பையன் இதை முழுக்க நம்புகிறான். "பெரியம்மா, விஞ்ஞானிகளுக்குப் பொறாமை, புதுசா எதையும் ஒத்துக்க மாட்டாங்க" என்கிறான்.

அவன் அம்மாவுக்கு நைட் ஷிப்ட், அதனால் படிப்பு விஷயமெல்லாம் என்னிடம்தான் வரும். "அதெல்லாம் பொய்டா" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அவன் ஆசையை நசுக்க எனக்கு மனசு வரவில்லை. நாலு மாதமாக வேறெதிலும் இவ்வளவு அக்கறை காட்டாத பையன் இப்போது ராத்திரி உட்கார்ந்து நோட்டில் படம் வரைகிறான். அதே சமயம் பொய்யை உண்மை என்று சொல்லி அவனை மேடையில் ஏற்றவும் விருப்பமில்லை. இதில் எது நிஜம், எது இல்லை? அவனுக்குப் புரிகிற மாதிரி நான் என்ன சொல்லலாம்? கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

அம்மா, முதலில் ஒரு அவசர விஷயம். அந்தக் கருவிக்கு 20,000 முதல் 30,000 வோல்ட் வரை வேண்டும். வீடியோக்களில் பழைய டிவியையோ கம்ப்யூட்டர் மானிட்டரையோ பிரித்து அந்த மின்சாரத்தை எடுப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் படக்குழாயில் மின்னேற்றம் தங்கியிருக்கும், தொட்டால் உயிரே போகலாம். பையன் ஏற்கெனவே பழைய டிவி எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறானா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அதைத் திறக்க விடாதீர்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

சரி, அந்த முக்கோணம். அதை லிஃப்டர் என்பார்கள். அது நிஜமாகவே மேலே எழும்புகிறது, அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. ஏன் எழும்புகிறது என்பதில்தான் சண்டை. மெல்லிய கம்பியைச் சுற்றி மின்புலம் மிகக் கடுமையாக இருக்கும், அங்கே காற்று மூலக்கூறுகள் அயனிகளாகிவிடும், அதாவது மின்னேற்றம் பெற்றுவிடும். அந்த அயனிகள் கீழே உள்ள அலுமினியத் தாளை நோக்கி இழுக்கப்பட்டு ஓடும்போது வழியில் சாதாரணக் காற்றை மோதி மோதிக் கீழே தள்ளிக்கொண்டே போகும். காற்று கீழே போனால் சட்டம் மேலே போகும். அசையும் பாகம் இல்லாத ஒரு மின்விசிறி என்று அவனிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வான். உஸ்ஸென்ற சத்தமும் பக்கத்தில் போனால் வரும் ஒரு மாதிரியான வாசனையும் இதனால்தான். அந்த வாசனை ஓசோன்.

டவுன்சென்ட் பிரௌன் என்ற அமெரிக்கர் 1928லேயே இதுபோன்ற கருவிக்குப் பிரிட்டனில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். மின்சாரத்துக்கும் ஈர்ப்புக்கும் நடுவே ஒரு தொடர்பைப் பிடித்துவிட்டதாகத்தான் அவர் வாழ்நாள் முழுக்க நம்பினார். ஆனால் காற்றை எடுத்துவிட்டு வெற்றிடத்தில் வைத்தால் லிஃப்டர் எழும்புவதில்லை. ஈர்ப்பையே அது ரத்து செய்கிறது என்றால் காற்று இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இதற்காகப் பையன் வருத்தப்படவே வேண்டாம். 2018இல் எம்ஐடியில் ஸ்டீவன் பேரட் என்பவரின் குழு இதே அயனிக் காற்றை வைத்து ஒரு விமானம் செய்து பறக்கவிட்டது. ஐந்து மீட்டர் இறக்கை, எடை இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 40,000 வோல்ட், ஒரு விளையாட்டு அரங்குக்குள் சுமார் 60 மீட்டர் பறந்தது. புரொப்பெல்லரும் ஜெட்டும் இல்லாமல் ஒரு விமானம்! ஆன்டிகிராவிட்டி என்ற பெயரைக் கழற்றிவிட்டாலும் அவன் கையில் இருப்பது நல்ல புராஜெக்ட்தான்.

லெனேசியா தம்பி:

வாத்தியார் ஐயா, லிஃப்டர் பற்றி நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்கிளெட்னோவ் கதையை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அது வேறு. அவர் யூடியூபர் இல்லை, தாம்பெரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொருள் அறிவியல் செய்தவர். 1992இல் ஃபிசிகா சி என்ற முறையான ஆய்விதழில் கட்டுரை வந்தது. மிகை மின்கடத்தியில் (நன்றாகக் குளிர்ந்தால் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) செய்த தட்டைக் குளிரவைத்து மிதக்கவிட்டுச் சுழற்றினால் அதற்கு மேலே தொங்கும் பொருள் 0.05 முதல் 0.3 சதவீதம் வரை எடை குறைகிறது என்று எழுதினார். 1996இல் இரண்டாவது கட்டுரை, இந்த முறை 2 சதவீதம் வரைக்கும். அது ஆய்விதழில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு, அச்சாவதற்கு முன்னாலேயே பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று "ஆன்டிகிராவிட்டி கருவி" என்று செய்தி போட்டுவிட்டது. உடனே பல்கலைக்கழகம் கைகழுவியது, கூட எழுதியவராகப் பெயர் போட்டிருந்தவர் எனக்குச் சம்பந்தமில்லை என்றார், போட்கிளெட்னோவ் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார், வேலையும் போனது. ஒரு மனிதன் அளந்ததைச் சொன்னதற்கு இதுவா தண்டனை?

நம்ம தென்னாப்பிரிக்காவின் கதையையே பாருங்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானி வேகனர் சொன்னதை இங்கே புவியியலாளர் அலெக்சாண்டர் டு டாய்ட் தூக்கிப்பிடித்தார், அமெரிக்கப் புவியியலாளர்கள் பலர் அவரை ஏளனம் செய்தார்கள். டௌங் என்ற ஊரில் கிடைத்த ஒரு குழந்தையின் புதைபடிவ மண்டையோட்டை வைத்து ரேமண்ட் டார்ட் 1925இல் "மனித இனத்தின் மூதாதை ஆப்பிரிக்காவில்" என்று எழுதினார், இங்கிலாந்தின் பெரிய பெரிய ஆட்கள் அது குரங்குக் குட்டி என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் யார் சரி? அதனால் அந்தப் பையனிடம் "விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள், முடிந்தது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா. அது நியாயம் இல்லை.

ஜெர்மிஸ்டன் தராசுக்காரர்:

நான் தராசு சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கசாப்புக் கடைத் தராசு முதல் ஆய்வகங்களில் மில்லிகிராமில் பத்தில் ஒன்றைக் காட்டும் தராசு வரை பார்த்தாயிற்று. இந்தப் பேச்சு முழுக்க எடை பற்றியது என்பதால் எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

டர்பனில் கடல் மட்டத்தில் சரிசெய்த மின்னணுத் தராசை அப்படியே ஜோகன்னஸ்பர்க் கொண்டுவந்து 10 கிலோ படிக்கல்லை வையுங்கள். 6 அல்லது 7 கிராம் குறைத்துக் காட்டும். தராசு கெட்டுப்போகவில்லை. இங்கே நாம் கடலிலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறோம், பூமத்திய ரேகைக்கும் கொஞ்சம் பக்கம், அதனால் ஈர்ப்பே அவ்வளவு குறைவு. சதவீதமாகச் சொன்னால் 0.06, 0.07. போட்கிளெட்னோவ் முதல் கட்டுரையில் சொன்ன ஆகக் குறைந்த அளவு 0.05. அதாவது டர்பனிலிருந்து என்3 சாலையில் ஏறி வந்தாலே கிடைக்கிற எடைக் குறைவு! எங்கள் தொழிலில் இது தினசரி விஷயம், தராசை எந்த ஊரில் வைக்கப்போகிறார்களோ அந்த ஊரிலேயே சரிசெய்ய வேண்டும் என்று அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கும்போது ஈர்ப்பைத் தவிர இன்னும் நூறு விஷயங்கள் தராசில் வந்து உட்காரும். 1992 கட்டுரையில் தொங்கவிட்ட பொருளின் எடை 5.48 கிராம். அதில் 0.05 சதவீதம் என்றால் 2.7 மில்லிகிராம். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். கண்ணாடி, குவார்ட்ஸ் மாதிரியான பொருள் என்றால் 5.48 கிராமுக்குக் கன அளவு 2 கன சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாதாரண அறையில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் எடை 1.2 மில்லிகிராம். ஆக அந்தப் பொருளைச் சுற்றியுள்ள காற்று மட்டுமே அதை இரண்டரை மில்லிகிராம் அளவுக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, தண்ணீருக்குள் கல் லேசாகத் தெரிவதற்கு எந்தக் காரணமோ அதே காரணம்தான். கீழே திரவ நைட்ரஜனைவிடக் குளிர்ந்த ஒரு தட்டு இருந்து மேலே உள்ள காற்றும் நன்றாகக் குளிர்ந்தால், காற்று அடர்ந்து இந்தத் தூக்கும் விசை கூடும். அடர்த்தி இரண்டு மடங்கானால் கூடுதலாக இன்னொரு இரண்டரை மில்லிகிராம் "காணாமல்" போகும். ஈர்ப்பில் யாரும் கை வைக்கவே இல்லை!

இதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்யவில்லை. 0.3 சதவீதத்தை இது ஒன்றே விளக்கிவிடாது. ஆனால் தட்டு சுழல்கிறது, காற்று கிளம்பும், காந்தச் சுருள்கள் இருக்கின்றன, உயர் அதிர்வெண் மின்சாரம் ஓடுகிறது, அது தராசின் மின்னணுவிலேயே புகுந்து குழப்பும். இதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டியது அளந்தவர் பொறுப்பு. ஒரு ஆய்வகத்தில் நானே பார்த்திருக்கிறேன், ஏசி காற்று தராசுக் கூண்டின் கதவு இடுக்கில் நுழைந்து கடைசி இரண்டு இலக்கங்களும் ஆடிக்கொண்டே இருக்கும். கதவை இழுத்துச் சாத்தினால் நின்றுவிடும். இன்னொன்று, அடுப்பிலிருந்து எடுத்த மூசையை ஆறவிடாமல் வைத்தால் எடை குறைவாகக் காட்டும். சூடு காற்றைக் கிளப்புகிறது, காற்று தட்டைத் தூக்குகிறது. போட்கிளெட்னோவ் கதையிலும் முதல் துப்பு புகைதான் என்பார்கள். கூட வேலை செய்தவர் ஊதிய பைப் புகை கருவிக்கு மேலே நேராக எழும்பியதைப் பார்த்துதான் அவருக்குச் சந்தேகம் வந்ததாம். புகை காட்டுவது காற்று போகும் வழியை. ஈர்ப்பைக் காட்ட வேறு சாட்சி வேண்டும்.

லெனேசியா தம்பிக்கு ஒன்று. நம்ம நாட்டிலேயே, சதர்லாந்தில், பெரிய தொலைநோக்கி இருக்கிற அதே மலையில், ஒரு மிகை மின்கடத்தி ஈர்ப்புமானி 2000ஆம் ஆண்டு முதல் வேலை செய்கிறது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நிறுவனம் வைத்தது. திரவ ஹீலியத்தில் குளிரவைத்த உள்ளீடற்ற நையோபியம் பந்து, காந்தப் புலத்தில் மிதந்துகொண்டே இருக்கும். ஈர்ப்பு கொஞ்சம் கூடினால் பந்து இறங்கப் பார்க்கும், குறைந்தால் ஏறப் பார்க்கும். சந்திரனும் சூரியனும் இழுப்பதால் ஈர்ப்பு நாள் முழுக்கக் கோடியில் ஒரு பங்கு அளவில் ஏறி இறங்குகிறது, அந்தக் கருவிக்கு அது பெரிய அலை. அதைவிட ஆயிரம் மடங்கு நுணுக்கமாகவும் பார்க்கும். 2 சதவீதம் என்பது அந்தச் சந்திர சூரிய மாற்றத்தைப் போல இரண்டு லட்சம் மடங்கு, தம்பி. அவ்வளவு பெரிய விளைவு உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்க யாரும் திணற வேண்டியதில்லை. சுழலும் தட்டு வேறு, மிதக்கும் பந்து வேறு என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். ஆனால் ஈர்ப்பை இந்த அளவு நுணுக்கமாக அளக்கத் தெரிந்த உலகம் இது என்பதை மனதில் வையுங்கள்.

லெனேசியா தம்பி:

அண்ணே, அந்த 2.7 மில்லிகிராம் கணக்கை நான் எங்கும் படித்ததில்லை, யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனாலும் என் கேள்வி இன்னும் நிற்கிறது. அவர் செய்ததை அப்படியே அதே அளவுத் தட்டோடு, அதே வேகத்தில் யாராவது செய்து பார்த்தார்களா? செய்யாமலே "காற்று, சூடு" என்று தள்ளுவது எளிது. நாசா செய்தது என்றால் முடிவு எங்கே? நிங் லீ என்ற பெண் விஞ்ஞானி திடீரென்று காணாமல் போனார் என்கிறார்களே?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

தம்பி, நீ கேட்பது சரியான கேள்வி. இதற்குப் பதில் இருக்கிறது, யாரும் மறைக்கவில்லை.

நிங் லீ ஹன்ட்ஸ்வில்லில் அலபாமா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். மிகை மின்கடத்திக்குள் ஈர்ப்பு தொடர்பான விளைவு வரலாம் என்று டக்ளஸ் டோர் என்பவரோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதினார். நாசாவின் மார்ஷல் மையம் அவரோடு சேர்ந்து சோதனை செய்தது. முடிவு 1997இல், போட்கிளெட்னோவின் கட்டுரை வந்த அதே ஃபிசிகா சி இதழிலேயே வெளிவந்தது. சுழலாத தட்டுக்கு மேலே ஈர்ப்பு மாற்றம் ஏதாவது இருந்தால் அது பத்து கோடியில் இரண்டு பங்குக்கும் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். கட்டுரையில் நிங் லீயின் பெயரும் இருக்கிறது. தன் கோட்பாட்டுக்குச் சாதகமாக வராத அளவையும் தன் பெயர் போட்டு வெளியிட்ட பெண்மணி அவர், அந்த வீடியோவில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1999இல் பல்கலைக்கழகத்தை விட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கினார், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை சுமார் நாலரை லட்சம் டாலர் கொடுத்தது, அதன் முடிவுகள் வெளியே வரவில்லை. 2021இல் காலமானார். அவர் காணாமல் போகவில்லை.

சுழலும் தட்டு பற்றிக் கேட்டாய். அந்தப் பெரிய தட்டு 27 சென்டிமீட்டருக்கும் மேல் விட்டம், பீங்கான், நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று சொன்னார்கள். அப்படி ஒரு பீங்கானை விரிசல் விடாமல் சுட்டெடுப்பதே பெரும்பாடு. நாசா ஒஹாயோவில் ஒரு கம்பெனியிடம் கொடுத்துச் செய்யவைத்தது, அது மட்டுமே வருடக்கணக்கில் இழுத்தது. ஹாத்தவே, கிளீவ்லண்ட், பாவ் என்ற மூன்று பேர் கனடாவில் தட்டைச் சுழற்றி, உயர் அதிர்வெண் புலமும் கொடுத்து, போட்கிளெட்னோவ் சொன்னதைவிட ஐம்பது மடங்கு சின்ன விளைவையும் பிடிக்கக்கூடிய கருவியோடு தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. 2003இல் அதுவும் ஃபிசிகா சியில்தான் வந்தது. ஈர்ப்பைக் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்க்கப் பிரிட்டனின் பிஏஇ சிஸ்டம்ஸ் கம்பெனி கிரீன்குளோ என்று ஒரு திட்டமே நடத்தியது. இவர்களெல்லாம் கேலி செய்துவிட்டுப் போனவர்கள் இல்லை. வேலை செய்தால் நல்லது என்று ஆசைப்பட்டு, பணமும் வருடங்களும் செலவழித்துப் பார்த்தவர்கள். சந்தேகப்படுகிறவன் சும்மா உட்கார்ந்து தலையாட்டுகிறான் என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டிருந்தால், இதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள் அம்மா.

ஹயாசாகா, தாக்கேயுச்சி விஷயமும் அவனுக்குப் பிடிக்கும். 1989 டிசம்பரில் இந்த ஜப்பானியர்கள் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸில் ஒரு கட்டுரை போட்டார்கள். சின்ன ஜைரோஸ்கோப்பை, அதாவது வேகமாகச் சுழலும் சக்கரத்தை, ஒரு பக்கமாகச் சுழற்றினால் எடை சில மில்லிகிராம் குறைகிறது, எதிர்ப்பக்கம் சுழற்றினால் குறைவதில்லை என்று. இயற்பியலின் மிக மதிப்பான இதழ்களில் ஒன்று அதை அச்சிட்டது, யாரும் கதவைச் சாத்தவில்லை. 1990க்குள் அமெரிக்காவில் இரண்டு குழுக்களும், பாரிஸ் பக்கத்தில் உள்ள சர்வதேச எடை அளவுக் கழகத்தில் குவின், பிக்கார்ட் இருவரும் தனித்தனியே செய்து பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் குறையவில்லை என்று எழுதினார்கள். சில மாதத்தில் விஷயம் தீர்ந்தது.

இப்போது டு டாய்ட். அவர் 1923இல் கார்னகி நிறுவனம் கொடுத்த பணத்தில் தென்னமெரிக்கா போய், பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் பாறை பாறையாகப் பார்த்து, இங்கே கரூ என்ற வறண்ட நிலப்பகுதியில் உள்ள பாறை அடுக்குகளோடு ஒப்பிட்டார். அவரை நம்பாதவன் அதே இடத்துக்குப் போய் அதே பாறையைத் தட்டிப் பார்க்கலாம். யார் போனாலும் பாறை அங்கேயே இருந்தது. நாள் ஆக ஆகச் சாட்சியும் கூடியது. 1960களில் கடல் தரை விரிவதைக் காட்டும் கடலடிக் காந்தப் பட்டைகள் வந்து முடித்துவைத்தன. டார்ட்டுக்கும் அப்படித்தான், ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைகளில் ராபர்ட் புரூம் என்ற ஆய்வாளர் மேலும் மேலும் எலும்புகளை எடுத்தார். போட்கிளெட்னோவ் விஷயத்தில் 30 வருடம் கடந்தும் வேறொருவர் கையில் அந்த எடை ஒருமுறைகூடக் குறையவில்லை. ஏளனம் இரண்டு பக்கமும் நடந்தது, அது தப்புதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏளனம் செய்யப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் டு டாய்ட் ஆகிவிட மாட்டார்.

அவருக்கு வேலை போன விதம் எனக்கும் பிடிக்கவில்லை. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து ஒருவரை ஒதுக்குவது அறிவியல் இல்லை. அது தனி வழக்கு, எடை குறைந்ததா என்பது தனி வழக்கு.

பீனிக்ஸ் நர்ஸக்கா:

வாத்தியார் ஐயாவும் தராசு அண்ணனும் எழுதியதற்கு மேல் இயற்பியலில் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் "பெரிய ஆட்கள் மறைக்கிறார்கள்" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும், ஏன் என்று சொல்கிறேன்.

1997 தொடக்கத்தில் விரோடீன் என்று ஒரு எய்ட்ஸ் மருந்து வந்ததே, நினைவிருக்கிறதா? ஆராய்ச்சி செய்தவர்கள் நேராக அமைச்சரவை முன்னால் போய் விளக்கினார்கள். அதில் இருந்தது டைமெத்தில்ஃபார்மமைடு, தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான். மருந்துக் கட்டுப்பாட்டுக் குழு மனிதர்களிடம் சோதிக்க அனுமதி மறுத்தது. அப்போதும் இதே பேச்சுதான்: வெளிநாட்டுக் கம்பெனிகள் தடுக்கின்றன, நம்ம ஆட்கள் கண்டுபிடித்தால் ஒத்துக்க மாட்டார்கள் என்று. அந்த வருடங்களில் நான் வார்டில் இருந்தேன். எங்கள் வார்டு முழுக்க இருபது முப்பது வயதுப் பிள்ளைகள். 2000 ஜூலையில் நம்ம டர்பனிலேயே எய்ட்ஸ் மாநாடு நடந்தபோது, எச்ஐவிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் கையெழுத்துப் போட்டு அறிக்கை விட வேண்டியிருந்தது. அதையே சந்தேகப்படும் நிலைமைக்குப் போயிருந்தோம்.

ஒரு தட்டு எடையைக் குறைக்கிறது என்று நம்பினால் யாரும் சாகப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் பதினைந்து பதினாறு வயதில் "ஆதாரம் எங்கே, வேறு யார் செய்து பார்த்தார்கள்" என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு ஒரு மருந்தைப் பற்றியும் அதையேதான் கேட்கும். அதனால் பெரியம்மா, அவனைத் திட்டாமல் இந்தப் புராஜெக்டையே செய்யவிடுங்கள். வயர் விஷயத்தில் மட்டும் வாத்தியார் சொன்னபடி.

சாட்ஸ்வர்த் பெரியம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிவி எதுவும் வீட்டில் இல்லை, பார்த்துவிட்டேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் தருவதாகச் சொல்லியிருந்தாராம், வேண்டாம் என்று சொல்லவைத்தேன்.

நீங்கள் எழுதியது எல்லாவற்றையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். டர்பனுக்கும் ஜோபர்க்குக்கும் எடை வித்தியாசம் என்பதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜைரோஸ்கோப் விஷயத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னான். அவனுக்கு ஒரு கேள்வி: வெற்றிடம் உண்டாக்கும் கருவி பள்ளியில் இல்லை, அது இல்லாமல் லிஃப்டர் காற்றால்தான் எழும்புகிறது, ஈர்ப்பை ரத்து செய்வதால் இல்லை என்று எப்படிக் காட்டுவது? இன்னொன்று, எதிர்ப்பொருள் (சாதாரணப் பொருளுக்கு நேர் எதிரான மின்னேற்றம் கொண்ட துகள்களால் ஆனது) மேலே விழும் என்கிறார்களே, அது உண்மையா என்றும் கேட்கச் சொன்னான்.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்:

எதிர்ப்பொருள் கேள்விக்கு நான் சொல்கிறேன். மேலே விழுமோ என்று பல வருடமாகப் பேச்சு இருந்தது. ஜெனிவா பக்கத்தில் உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் ஆல்ஃபா குழு எதிர் ஹைட்ரஜன் அணுக்களைக் காந்தக் கூண்டில் பிடித்துவைத்து, மேலும் கீழும் மெதுவாகத் திறந்துவிட்டுப் பார்த்தது. பெரும்பாலானவை கீழ்வழியாகத்தான் வெளியேறின. 2023 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்தது. எதிர்ப்பொருளும் கீழேதான் விழுகிறது. அவன் கேள்வி உலகத்தின் பெரிய ஆய்வகம் கேட்ட அதே கேள்வி என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

ஜெர்மிஸ்டன் தராசுக்காரர்:

வெற்றிடம் தேவையே இல்லை. லிஃப்டரைத் தலைகீழாகத் திருப்பினால் போதும்.

ஈர்ப்பை ரத்து செய்கிற கருவி என்றால் எப்படிப் பிடித்தாலும் எடைதான் குறைய வேண்டும். காற்றைத் தள்ளுகிற கருவி என்றால் தலைகீழாக வைத்தால் கீழ்நோக்கி அமுக்கும், பக்கவாட்டில் வைத்தால் பக்கவாட்டில் போகும். ஈர்ப்பு குறைந்தால் ஒரு பொருள் லேசாகலாம், அறையின் குறுக்கே தானாக நகராது.

அதனால் சட்டத்தைப் பக்கவாட்டாகத் திருப்பி நைலான் நூலில் தொங்கவிடச் சொல்லுங்கள். மேலே தூக்க வேண்டிய அவசியம் இல்லாததால் வோல்டேஜும் குறைவாகவே போதும், நூல் சற்று விலகினாலே அளந்துவிடலாம். நூல் 120 சென்டிமீட்டர், சட்டம் 3 கிராம், விலகல் 5 சென்டிமீட்டர் என்றால் விசை 3 பெருக்கல் 5 வகுத்தல் 120, அதாவது 0.125 கிராம் எடைக்குச் சமம். பின்னால் ஒரு கிராஃப் தாளை ஒட்டி, போனை ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுத்தால் விலகல் தெரியும். படமெடுக்கும் போன் எப்போதும் ஒரே இடத்தில், நூலுக்கு நேர் எதிரே இருக்கட்டும், இல்லாவிட்டால் அளவு மாறித் தெரியும். கரன்ட் இல்லாமல் ஒரு வரிசை, கரன்ட் கொடுத்து ஒரு வரிசை, வயர்களை மாற்றி இணைத்து ஒரு வரிசை. ஜன்னல், ஃபேன் எல்லாம் மூடியிருக்க வேண்டும். வயரே சட்டத்தை இழுக்கலாம், அதனால் மிக மெல்லிய வயரைத் தளர்வாக விட்டு, வயர் மட்டும் தொங்கும்போது எவ்வளவு விலகுகிறது என்பதையும் தனியாக எழுதிவைக்கட்டும். ஊதுபத்தி ஒன்றை எட்ட ஸ்டாண்டில் செருகி வைத்தால் புகை எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது என்று பார்க்கிறவர்களுக்குக் கண்ணாலேயே தெரியும்.

மின்சாரத்துக்குப் பள்ளி ஆய்வகத்தில் வான் டி கிராஃப் என்ற நிலைமின்சாரம் உண்டாக்கும் கருவி இருந்தால் அதையே கேளுங்கள், அதன் கரன்ட் மிகக் குறைவு. ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் ஓட்ட வேண்டும், சட்டத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் எர்த் செய்ய வேண்டும். பள்ளியில் இல்லை என்றால் இங்கே எழுதுங்கள், டர்பன் பக்கம் கேட்டுப்பார்க்க எனக்கு இரண்டு பேரைத் தெரியும்.